இருவருக்கும் ஒருவன்

ஒற்றை அறை வீட்டில் குடியிருப்பவனுக்குத் துடைப்பத்தை எங்கே வைப்பது என்பதுதான் முதல் பிரச்சினை. கதவுக்குப் பின்னால் வைத்தால் கதவு முழுதாகத் திறக்காது. கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கும். கடைசியில் குளியலறை ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பதினோரு வருடம் அங்கேதான் தொங்கியது. முதல் ஐந்து வருடம், இது என்ன கோலம் என்று கேட்க ஒரு ஆள் வரவில்லை.

நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், அவசரமில்லை என்று தாளைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள், ஐயா. என்னிடம் அவசரமில்லை என்று யாரும் சொல்லி நாளாயிற்று. அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் நிறுவனத்தின் பொறுப்பில் நாற்பது கட்டிடங்கள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் அவசரப் பொத்தானை அழுத்துவார். அழைப்பு என் கைபேசிக்கு வரும். "பயப்படாதீங்க, நான் வந்துட்டே இருக்கேன்" என்பேன். அந்தக் குரலை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள் பாருங்கள், அப்படி ஒரு பிடி. கட்டிய மனைவியிடம் சொல்லாததை என்னிடம் சொன்னவர்கள் உண்டு. வெளியே எடுத்துவிட்டால் நான் கறிவேப்பிலை. வங்கி அதிகாரி அம்மா ஒருவர் நாற்பது நிமிடம் கதவு இடுக்கு வழியாக என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதே மாடியில், "கொஞ்சம் வழி விடறீங்களா" என்று என்னைத் தாண்டிப் போனார். எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நிமிட வேலைக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். மேலே மோட்டார் அறையில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருப்பேன். யாருக்கும் கெடுதல் இல்லை. உள்ளே காற்று வரும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகும் உத்தியோகம். எந்த ஊரிலும் எங்களுக்கு வேர் பிடிக்கவில்லை. உறவுக்காரர்களும் ஒவ்வொருவராக உதிர்ந்துபோனார்கள். என்னைப் பெரியவன் என்பார்கள், தங்கையைச் சின்னவள் என்பார்கள். அம்மாவும் சின்னவளும் சமையலறையில் எப்போதும் ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லடா. நீ போ."

கோபமாகச் சொன்னதில்லை. அன்பாகத்தான் சொல்வார்கள். நானும் போய்விடுவேன்.

சின்னவள் தானே பார்த்து ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் கணவனோடு வேறொரு நகரத்துக்குப் போய், ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா ஓய்வு பெற்றதும் அம்மாவை அழைத்துக்கொண்டு, சின்னவள் பார்த்தேயிராத ஒரு சிற்றூரில் சிறிய வீடாகப் பார்த்துக் குடியேறினார். அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மிச்சமிருந்த பாலம் நான் ஒருவன்தான். இருவரிடமும் என் எண் இருந்தது. ஒருவர் எண் மற்றவரிடம் இல்லை.

பிறகு அப்பா போனார். அதே வருடம் சின்னவளின் கணவனும் காய்ச்சலில் போனான். குழந்தை இல்லை.

ஒரு வாரத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. முதலில் அம்மா.

"பெரியவனே, அப்பா போயாச்சு. இனி யாருக்குடா பயப்படணும்? இந்த லீவுக்கு சின்னவளையும் கூட்டிட்டு வா."

இரண்டு நாள் கழித்து சின்னவள்.

"அண்ணா, அம்மா மடியில கொஞ்ச நேரம் படுத்திருக்கணும் போல இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

இருவரிடமும் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இரண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். அன்று மாலை என் கட்டிலில் உட்கார்ந்து அந்த விடுமுறையை யோசித்துப் பார்த்தேன். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுவாள். இருவரும் சமையலறைக்குப் போவார்கள். நான் பின்னால் போய் நிற்பேன். மேற்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சின்னவளிடம் அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அப்பா போன துக்கத்திலிருந்து மீளவே இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள், உனக்குச் சொல்லுமுன் எல்லாம் முடிந்துவிட்டது, வாடகை வீடு, காலி செய்தாகிவிட்டது. நேரில் போய்த்தான் சொன்னேன். போனில் சொல்கிற விஷயமா அது. எப்போதோ என்னிடம் தங்கிவிட்ட அம்மாவின் பழைய மூக்குக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் அதைத் துடைத்து, மாட்டிப் பார்த்து, "அம்மா உலகத்தை இப்படித்தான் பார்த்தாங்களா" என்று அழுதாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கு முன் அவள் என் தோளில் சாய்ந்ததில்லை.

அடுத்த நாள் அம்மாவிடம் போனேன். சின்னவள் இறந்துவிட்டாள் என்றேன். கணவனுக்கு வந்த அதே காய்ச்சல் என்றேன். பழுது பார்த்துத் தா என்று அவள் எப்போதோ என்னிடம் கொடுத்திருந்த கைக்கடிகாரத்தை அம்மா கையில் வைத்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது இருடா" என்றாள். இருக்கிறேன் என்றேன். இருந்தேனா இல்லையா என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கேளுங்கள்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு இரண்டே இரண்டு போதுமானதாக இருந்தது. ஆறு வருடம் தாங்கின.

வருடத்துக்கு இரண்டு விடுமுறை எனக்கு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொன்றும் பத்து நாள். முதல் ஐந்து நாள் அம்மாவிடம். வாசலிலேயே நிற்பாள். பஸ் தாமதமானால் தெருமுனைக்கே வந்துவிடுவாள். சமையலறையில் எனக்கென்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டாள். அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அவள் சொல்லும் கதைகளையெல்லாம் கேட்பேன். முக்கால்வாசி சின்னவளைப் பற்றித்தான். பரவாயில்லை, கேட்பவன் நான்தானே.

அடுத்த ஐந்து நாள் சின்னவள் என் வீட்டுக்கு வருவாள். நான் கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வேன். "இந்தப் பெட்டிக்குள்ள எப்படிண்ணா இருக்கே? லிஃப்டே இதைவிடப் பெருசு" என்று கேலி செய்வாள். அலமாரியை ஒழுங்குபடுத்துவாள். துணியெல்லாம் மடித்து வைப்பாள். மாலையில் நடக்கப் போவோம். அம்மாவைப் பற்றிக் கேட்பாள். கடைசி நாட்களில் என்ன பேசினாள், தன் பெயரைச் சொன்னாளா என்று. சொன்னாள் என்பேன். அது உண்மைதான்.

அவள் ஊருக்குத் திரும்பும் நாள் பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், அந்த அறையில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கும். அடுத்த விடுமுறைக்கு எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்குவேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? இந்த ஆறு வருடத்தில் நான் பயந்ததில்லை.

இந்த வருட நடு விடுமுறையில் அம்மாவோடு ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். சின்னவள் வந்து இரண்டாம் நாள் காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்திருக்கிறது. அவள் எடுத்திருக்கிறாள். பேசியது தையல்காரம்மா. என்ன பேச்சு என்று பிறகு அவரே சொன்னார்.

"தம்பி இல்லீங்களா? அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. உடனே வரச் சொல்லுங்க."

"யாரோட அம்மா?"

"மெக்கானிக் தம்பியோட அம்மாதாங்க. வேற யாரு?"

சின்னவள் ஊரும் தெருவும் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் பையைக் காணோம். அழைப்பு எங்கிருந்து வந்ததென்று கைபேசியில் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன். வழிந்ததைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நான் வாடகைக் கார் பிடித்ததால் மூன்றரை மணி நேரத்தில் போய்விட்டேன். டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். அம்மாவுக்கு நல்ல ஜுரம். ஆம்புலன்ஸுக்கு நானே சொல்கிறேன் என்று தையல்காரம்மாவிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, தெரியும்ல? அவ செத்ததிலிருந்து அவளோட சிநேகிதி ஒருத்திக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. தான்தான் அவள்னு சொல்லிட்டு அலையறா. போனை எடுத்தது அவதான். இங்க வந்து நின்னாலும் நிப்பா. அம்மா கண்ணுல பட்டா தாங்க மாட்டாங்க."

"ஐயோ பாவம். நான் பார்த்துக்கறேன் தம்பி."

பிற்பகல் வந்தாள். நான் கதவையும் ஜன்னல்களையும் தாழ் போட்டிருந்தேன். முதலில் தட்டினாள். பிறகு கூப்பிட்டாள்.

"அம்மா, நான்தாம்மா. சின்னது. கதவைத் திறம்மா."

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"யாரோ கூப்பிடறாங்கடா."

"யாருமில்லம்மா. நீ தூங்கு."

"சின்னவ குரல் மாதிரி இருக்கு."

வெளியே தையல்காரம்மா சமாதானம் சொல்வதும், சின்னவள் கதவை இரண்டு கையாலும் அறைவதும் கேட்டது. அம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"செத்தவ வந்து கூப்பிடறா. என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா, இல்லடா?"

கட்டிலிலிருந்து தாழ்ப்பாள் ஆறு அடி தூரம். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. எதையும் மறைக்க வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

"ஆமாம்மா," என்றேன். "அவதான்."

அம்மாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆறு வருடமாக ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓடி ஓடிப் போனேன், அந்த முகத்தை எனக்குக் காட்டியதில்லை.

"கதவைத் திறந்து விடுடா. உள்ள வரட்டும்."

"அவங்களுக்குக் கதவு வேண்டாம்மா."

சரி என்பது போலத் தலையசைத்தாள்.

தெருக்காரர்கள் சேர்ந்து சின்னவளை அனுப்பிவிட்டார்கள். அடித்ததாக அவள் சொல்லியிருந்தால், அது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அம்மா மருந்தை வாயில் வாங்கவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றாள். "அவ காத்துட்டிருக்கா, நேரம் பண்ணக் கூடாது" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. ஆம்புலன்ஸ் என்ன ஆயிற்று என்று தையல்காரம்மா கேட்டதற்கு, டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு மூச்சு நின்றது.

பதினொன்றரைக்குச் சின்னவள் உங்கள் ஸ்டேஷன் போலீஸ்காரர்கள் இருவரோடும் தன் பிறப்புச் சான்றிதழோடும் வந்தாள். கதவை நானே திறந்துவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. கட்டிலில் ஏறி, அம்மாவின் மடி இருக்கும் இடத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். படுத்தபடியே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னிக்கு நான் கூப்பிட்டது அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

அவளிடம் நான் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று. ஏனோ அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நீங்கள் தனியாகக் கேட்டவற்றுக்குத் தனியாகவே பதில் எழுதிவிடுகிறேன். உயிரோடிருந்தவர்களை இறந்துவிட்டதாகச் சொன்னேன், இருவரிடமும். தாழ் போட்டது நான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் அம்மா பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டுத்தான் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை.

ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். வருடக் கடைசி விடுமுறைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. புருஷன் இல்லை, இப்போது அம்மாவும் இல்லை, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கோபமெல்லாம் தணிந்ததும் வராமல் எங்கே போவாள். விடுமுறை நாட்களில் இங்கே எத்தனை மணி வரை ஆட்களைப் பார்க்க விடுவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா, அவளுக்கு முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும்.