பாதியில் நின்ற ஸ்கேன்

லெப்பைக்குடிக்காட்டில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சார். உபைத் வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. என் பிரவுசிங் சென்டரில் எல்லாமே லினக்ஸ்தான். வைரஸ் தொல்லை கிடையாது.

போன வருஷம் புது இன்டர்நெட் இணைப்பு வாங்கியதும் ஒரு கோளாறு வந்தது. சின்ன மெயில்கள் ஒழுங்காக வரும். பெரிய ஃபைல் மட்டும் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிடும். ஃபைல் எதுவும் துண்டு துண்டாக, பொட்டலம் பொட்டலமாகத்தான் லைனில் வரும். எங்கோ ஒரு கருவி, பெரிய பொட்டலங்களைச் சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது. பொட்டலத்தைச் சிறிதாகக் கேட்கும்படி நம் கம்ப்யூட்டரில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தட்டினேன். சுவரோரத்துக் கம்ப்யூட்டரை மறந்துவிட்டேன். மர்ஜியா அதில்தான் உட்காருவாள்.

அவளை எனக்குப் பெண் கேட்டிருந்தோம். அவள் அத்தா அப்துல் மஜீது, சவூதியில் வேலை பார்க்கும் அனஸுக்குக் கொடுத்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை.

அனஸுக்கு விடாத தலைவலி. அங்கே எடுத்த ஸ்கேன் படங்களை மர்ஜியாவுக்கு மெயிலில் அனுப்பியிருந்தான். திருச்சி டாக்டர் பார்த்துவிட்டு வரச் சொன்னால், லீவு போட்டு வருவதாக ஏற்பாடு.

"அண்ணே, பாதியில நின்னுபோச்சுண்ணே."

எழுந்து போனேன். வயரைக் கழற்றி மாட்டினேன். ரீஸ்டார்ட் செய்தேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"ஃபைலுதான் சரியில்ல. திரும்ப அனுப்பச் சொல்லும்மா."

அவன் திரும்ப அனுப்பினான். அவள் திரும்ப வந்தாள். அப்புறம் தினமும் வந்தாள்.

"அவங்களுக்குக் கண்ணு மங்கலாத் தெரியுதாம். பெரம்பலூர் போயி பாக்கட்டுமாண்ணே?"

"அங்கயும் இதே லைன்தான். எதுக்கு அலையிற? நான் பாத்துக்கிறேன்."

அழுதாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். அந்த நேரத்தில் அவளுக்கு அவ்வளவு பரிவாக வேறு யார் இருந்தார்கள்?

அனஸ் வேலை செய்த இடத்திலேயே விழுந்து மவுத்தானான். அடக்கமும் அங்கேதான். பிறகு மஜீது மாமா மர்ஜியாவின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு பெரம்பலூர் போயிருக்கிறார். டீ ஆறுவதற்குள் படங்கள் இறங்கிவிட்டன. அன்றே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து காப்பாற்றியிருக்கலாம் என்று திருச்சி டாக்டர் சொன்னாராம். அதனால்தான் நீங்கள் என்னை இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அது சரியில்லை. முதல் நாள் அவள் மெயிலை மூடாமல் எழுந்து போனாள். நான் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த வரியைத் தட்டினேன். படங்கள் முழுசாக இறங்கின. மண்டைக்குள் வெள்ளையாக ஒரு உருண்டை. எனக்கே தெரிந்தது, சார், டாக்டர் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இறங்கிய படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். அந்த வரியையும் எடுத்துவிட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுங்கள். அடுத்த மாதம் மர்ஜியாவுக்கு இத்தா முடிகிறது, அதற்குப் பிறகு அவள் மறுமணம் செய்துகொள்ளலாம். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?