மீன் கடையில் ஐஸ் வாங்கிய ஆட்டக்காரர்

அவைக்குத் தலைமை தாங்கி, என்னைப் பேச அழைத்ததற்காக இன்னும் சற்று நேரத்தில் வருந்தப்போகும் கூடைப்பந்துச் சங்கத் தலைவர் அவர்களே! சுருக்கமாக முடிக்கிறேன் என்று சொல்லி நீட்டி முழக்கிய செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் அன்னையரே! கூடைக் கம்பத்தின் கீழே சம்மணமிட்டிருக்கும் கண்மணிகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

வெளிநாட்டு மண்ணில் வெற்றிக்கொடி நாட்டிய வீரரின் துணைவி இரண்டு வார்த்தை பேசுவார் என்றார் செயலாளர். பேசுகிறேன். கூட்டம் முடிந்ததும் என் கணவர் இந்தத் தளத்தில் இறங்கி ஆடுவார் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு ஒட்டினீர்கள்? அவர் முழங்காலைக் கேட்டீர்களா? அதை அறுத்துத் தைத்த மருத்துவரைக் கேட்டீர்களா? "இன்னொரு தடவை எம்பிக் குதிச்சா, இந்தக் கால் அப்புறம் மடங்காது" என்று அவர் சொன்னது தலைவருக்கும் தெரியும். தெரிந்துதான் வீட்டுக்கு வந்தார். "ஓடவெல்லாம் வேணாம்மா, சும்மா கொஞ்ச நேரம்" என்றார். என் கணவரும் தலையை ஆட்டிவிட்டார். மாட்டேன் என்ற சொல் அவர் வாயில் வராது. அந்தச் சொல் வராத வாயின் வரலாற்றைத்தான் நான் சொல்ல வந்தேன்.

யாரப்பா கைதட்டுவது? கொஞ்சம் பொறு. முழுவதும் கேட்டுவிட்டு, மனம் வந்தால் தட்டு.

வெளிநாட்டில் ஆடினார், வெளிநாட்டில் ஆடினார் என்று வியக்கிறீர்களே, எப்படி ஆடினார் என்று கேட்டதுண்டா? அங்கே ஓர் அணிக்கு அயல்நாட்டு ஆட்டக்காரர் இரண்டே பேர். உள்ளூர்க்காரனுக்கு அடிபட்டால் ஓய்வு. அயல்நாட்டானுக்கு அடிபட்டால் அவன் இடத்துக்கு வேறோர் ஆள். இவரோடு ஆடிய இன்னோர் அயல்நாட்டுக்காரரை எல்லோரும் 'ஏணி' என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம். ஒருநாள் ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில், மேலாளர் நிற்பதைக் கவனிக்காமல், கணுக்காலுக்கு ஐஸ் கேட்டுவிட்டார் அந்த அப்பாவி. கேட்டது ஒரு கை ஐஸ்! மறுநாள் காலையில் அவர் அலமாரி காலி. அந்த வாரமே அதே எண் போட்ட சட்டையில் வேறோர் ஏணி!

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அரங்கத்துக்குள் ஐஸ் கேட்டதே இல்லை. எங்கே வாங்கினார் தெரியுமா? தங்கியிருந்த தெருவின் முனையில் இருந்த மீன் கடையில்! தினமும் வாளியோடு போவாராம். மீன் வேண்டாம், மீனுக்கு அடியில் கிடக்கும் ஐஸ் மட்டும் போதும் என்பாராம். அந்தக் கடைக்காரம்மா இவர் ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஒருநாள் எங்களையும் கூப்பிடுப்பா" என்று சைகையால் கேட்டாளாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தேன். "என்னங்க, வாளிக்குள்ள கால விட்டுட்டு என்ன பண்றீங்க?" என்று கைபேசியில் பார்த்துக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா. காலெல்லாம் மீன் நாத்தம், நல்ல வேள நீ பக்கத்துல இல்ல" என்றார். அந்தச் 'சும்மா'வை நம்பிய சிரிப்பு அது.

பிறகு வந்தது அரையிறுதி. வீங்கிய முழங்காலில் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டார்கள். "கொஞ்ச நேரம்தான்" என்றார் பயிற்சியாளர். கொஞ்ச நேரம் என்று இறக்கியவர்கள் கடைசி வரை வெளியே எடுக்கவில்லை. பந்து கூடைக்குள் விழுந்தது. என் கணவர் தரையில் விழுந்தார். அரங்கம் எழுந்தது. அவர் எழவில்லை! அணி கோப்பையை வென்ற நாளில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி தொலைக்காட்சியில் பார்த்தார். இவர் எண் போட்ட சட்டையில், முகம் தெரியாத ஒருவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

என்ன தம்பி? "ஒரே ஒரு தடவ டங்க் அடிக்கச் சொல்லுங்கக்கா" என்கிறாயா? கண்ணு, அவர் எம்பிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் அறைவதைப் பார்க்க உனக்கு ஆசை, உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மாடிப்படி ஏறும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவதை நீ பார்த்ததில்லை. எங்கள் மகள் "அப்பா, தூக்குப்பா" என்று கையை நீட்டும்போது, "அப்பறமாம்மா" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பார்க்கிறேன். டங்க் அடித்த கையால் பெற்ற பிள்ளையைத் தூக்க முடியவில்லை!

அந்த ஊரார் அந்நியர். அவர்களுக்கு இவர் ஓர் எண். நீங்கள் யார்? உறவு என்றீர்களே! உயிர் என்றீர்களே! எங்கள் வீட்டுப் பிள்ளை என்று பெருமை பேசினீர்களே! வீட்டுப் பிள்ளைக்குக் கால் வேண்டாமா? அவன் நடந்தால் உங்களுக்குப் பெருமை இல்லையா? நொண்டி நொண்டியாவது ஆடிக் காட்டினால்தான் பெருமையா?

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரமாகிவிட்டதாம். ஆகட்டும்.

என்னங்க, உங்களைத்தான். மேடையில் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை எழுந்து, 'மாட்டேன்' என்று சொல்லுங்கள். நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

பார்த்தீர்களா, அன்னையரே? இவ்வளவும் கேட்டபிறகு என்ன செய்கிறார் பாருங்கள். குனிந்து நாற்காலிக்கு அடியில் இருக்கும் பையில் ஷூவைத் தேடுகிறார்!

தேடாதீங்க. கிடைக்காது. காலையிலேயே எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். உங்க அளவுக்கு இந்த ஊர்ல எவன்கிட்டயும் ஷூ கிடையாது.

அமைதியாகக் கேட்ட அவைக்கு நன்றி. ஆட்டம் பார்க்க வந்தவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வணக்கம்.