கட்டத்தை விட்டு வராதே

சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லையென்றால் சங்கரன்கோவில் காற்று கோட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அன்றைக்கும் தெளித்தேன். ஒரு குடத்தை மட்டும் குடிக்க வைத்துக்கொண்டேன். வாக்குமூலத்தை அதிலிருந்தே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். களைப்பாக இருக்கிறது, ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன்.

நான் தறி ஓட்டுகிறவர் மகள். எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள். உடற்கல்வி. பல்கலைக்கழகக் கால்பந்து அணித் தேர்வில் மைதானம் முழுக்க ஓடினேன். "ஓடத் தெரியுது, நிக்கத் தெரியலயே" என்று சிரித்துக்கொண்டே என் பெயரை விட்டுவிட்டார்கள். எப்படித் தெரியும்? அப்பாவுக்குச் சோறு, அண்ணனுக்குச் சட்டை, யார் கூப்பிட்டாலும் ஓடு. எங்களை வளர்த்ததே ஓடுவதற்குத்தான்.

அதனால் என்னிடம் பந்து பழக வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது நிற்பது. மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பேன். கட்டத்துக்கு ஒருத்தி. பந்து உன்னைத் தேடி வரும், நீ அதைத் தேடிப் போகாதே. யார் கூப்பிட்டாலும் கட்டத்தை விட்டு வராதே.

பொன்மணிக்கு மட்டும் அது ஏறவில்லை. அவளைப் போலப் பந்தைக் காலில் வைத்திருக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் எவளாவது தடுக்கி விழுந்தால் போதும், பந்தைப் போட்டுவிட்டுத் தூக்கிவிட ஓடுவாள். மறுவாரம் சென்னையில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு. அதில் இடம் கிடைக்காவிட்டால் அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதாக இருந்தார்கள். அந்த ஒரு பழக்கத்தை அதற்குள் முறித்துவிட நினைத்தேன்.

சித்திரை வெயில். அவளை நடுவில் விட்டேன். சுற்றிக் கட்டங்களில் நிற்பவர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் இருப்பவள் பறிக்க வேண்டும். பறித்தால்தான் தண்ணீர். யாரும் யாருக்காகவும் இரங்க மாட்டார்கள் என்று அவளுக்கு உறைக்கட்டும் என்று, விட்டுக்கொடுக்கக் கூடாது என மற்றவர்களிடம் தனியாகச் சொல்லியிருந்தேன்.

"ஏட்டி பொன்மணி, பந்து பிடிக்கியா, கோழி பிடிக்கியா?" என்றாள் ஞானசெல்வி. எல்லாரும் சிரித்தார்கள். பொன்மணியும் சிரித்தாள்.

"அக்கா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரேன்."

"பந்தப் பறி. பெறவு குடி."

ஹஸ்னா பானு வேண்டுமென்றே ஒரு பந்தைப் பொன்மணியின் காலுக்கு வாகாக உருட்டினாள். விசில் அடித்து நிறுத்தினேன்.

"தர்மம் பண்ணுதியோ? இன்னொரு தடவை இப்படி உருட்டினா சென்னைக்கு நீ வரவேண்டாம்."

மறுபடி ஆரம்பித்தோம்.

பொன்மணிக்கு வியர்ப்பது நின்றது. உடம்பு சூட்டைத் தாங்க முடியாமல் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம், எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவள் விழுந்தாள்.

"அக்கா, கெறங்கி விழுந்துட்டா. போவட்டுமா?" ஹஸ்னாவின் குரல்.

"கட்டத்துல நில்லு. நடிக்கா."

நின்றாள். எல்லாரும் நின்றார்கள். அழுதுகொண்டுதான், ஆனால் பந்து நிற்கவில்லை. அவ்வளவு சுத்தமாக அது காலுக்குக் கால் போனதை நான் அதுவரை பார்த்ததில்லை. சொன்ன சொல்லை மீறித் தூக்கிவிட ஓடிவரக்கூடியவள் அந்த அணியில் ஒருத்திதான். அவள்தான் கீழே கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் வெயில் என்று எழுதியிருக்கிறார்கள். அவள் அம்மாவும் வெயிலைத்தான் திட்டுகிறாள். வெயில் இல்லை, மேடம். நான்தான் கொன்றேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். தேர்வுக்கு அனுப்பிவிடுங்கள். இப்போது நன்றாக நிற்கிறார்கள்.

தண்ணீர்க் குடம் என் காலடியில்தான் இருந்தது. ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நானும் என் இடத்தில் நின்றேன், மேடம். இந்தத் தடவை சரியாக நின்றேன்.