சம்சாரம் உண்டா

அந்தப் புதுக் கேள்வித்தாள் கட்டை மேசையில வைக்காத, ஜின்சி. மடியிலயே வச்சுக்க. கையெழுத்தெல்லாம் அப்புறம் பாப்போம். இல்ல, சாயாவும் அப்புறம்தான். முதல்ல நீ தெரிஞ்சுக்க வேண்டியது நாலு இருக்கு, வரிசையாச் சொல்றேன். நடுவுல ஸாரி டீச்சர், ஸாரி டீச்சர்னு குறுக்க வராத.

ஒண்ணு. நான் முப்பத்திரெண்டு வருஷம் இந்த எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்துல தமிழ் இலக்கணம் நடத்தினவ. ஒரு ஒற்று விட்டுப்போனாலும் நோட்டைத் திருப்பி வீசுவேன். ரெண்டு. சூசையப்பன் என் கூடப்பிறந்த அண்ணன். எழுபத்தெட்டு வயசு. எஸ்டேட்டு ஆளுங்க லயத்து வீடுகளுக்குக் கீழ அஞ்சு சென்ட் வீட்ல தனியாத்தான் இருந்தாரு. நீ வந்தப்போ அண்ணி செத்து ஒம்பது வருஷம் முடிஞ்சிருந்துச்சு. தானே சமைச்சுச் சாப்பிடுவாரு, சாயங்காலமானா கடை வாசல்ல உக்காந்து ஒரு கட்சி பாக்கியில்லாம எல்லாரையும் கிழிப்பாரு. கொஞ்சம் வாயை மூடுங்கண்ணேன்னு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன். மூணு. உங்க மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு. எங்க தமிழ்ல சம்சாரம்னா பொண்டாட்டி.

நாலாவதைக் கடைசியில சொல்றேன்.

போன வருஷம் சித்திரையில, மெடிக்கல் காலேஜ் லீவுல, வயசானவங்க மறதியைப் பத்தி ஆராய்ச்சின்னு பத்துப் பேரு வந்தீங்க. நல்ல காரியம்னுதான் நானும் நெனச்சேன். மாதா கோயில் ஹால்ல பெஞ்சைப் போட்டு, உன் ஒருத்திக்கு மட்டும் ஒரே நாள்ல நாப்பத்தொரு பேரு. ஆளுக்கு எத்தனை நிமிஷம்? ஆறா? நீ ஆறுங்கற. அண்ணன் மூணுன்னாரு.

அந்த நாப்பத்தொரு பேருல நாப்பது பேருக்குக் காய்ச்சல்னு எழுதியிருந்தியே, ஞாபகம் இருக்கா? பனி இருக்கான்னு கேட்டா இந்தச் சின்னக்கானல் மலையில வேற என்ன சொல்லுவாங்க? இருக்கு தாயி, விடியக்காலம் எதிர்ல வர்ற ஆளே தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க. உங்க பாஷையில பனின்னா காய்ச்சல்னு அவங்களுக்கு எதுக்கு அப்போ தோணப்போகுது? இல்லைன்னு சொன்ன அந்த ஒருத்தரும் மலைக்குக் கீழ அடிமாலியிலேர்ந்து மக வீட்டுக்கு விருந்து வந்தவரு. சிரிக்காத. நானும் அன்னைக்குச் சிரிச்சவதான். அது காகிதத்துல இல்லாதது, நீயா வாயால கேட்டது.

காகிதத்துல இருந்ததுக்கு வர்றேன். பன்னெண்டாவது கேள்வி. சம்சாரம் உண்டா. கீழ ரெண்டு கட்டம், உண்டு, இல்லை. இல்லைன்னா எத்தனை வருஷமா இல்லை. அண்ணன் என்ன சொன்னாரு? இல்லம்மா, ஒம்பது வருஷம் ஆச்சுன்னாரு. நீ டாப்லெட்டுல இல்லையை அமுக்கின, ஒம்பதுன்னு அடிச்ச. வாயைத் திறந்து பதில் சொல்ற மனுஷனுக்குப் பேச்சு இல்லைன்னு பதிஞ்சியே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பாத்தியா? கண்ணு கலங்கித்தான் உக்காந்திருந்தாரு. பேச முடியாதவங்களுக்கு மிச்சக் கேள்வி வராதாமே? உன் மெஷினே பதினெட்டுக் கேள்வியைத் தாண்டிப்போய் எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுடுச்சாமே? முடிஞ்சுது, போங்கன்னு உங்க பாஷையில, கழிஞ்சு அப்பச்சா, பொக்கோன்னு சொன்ன. அவ்வளவுதானா தாயின்னு கேட்டாரு. அதுவாவது உன் காதுல விழுந்திருக்கணும். பேச்சில்லாதவரு உன்னைக் கேட்ட கேள்வி அது!

நீ மலையாளத்துலயே கேட்டிருக்கலாம். அவருக்கு மலையாளம் தெரியும், ஜின்சி! அறுபது வருஷமா இந்த மலையில ரெண்டு பாஷையிலயும் சண்டை போட்டவரு. அந்தக் கேள்வி மலையாளம்னு காதுல பட்டிருந்தா, ஏன் மோளே, இவ்வளவு நேரம் நான் என்ன ஊமைச் சாடையா காட்டிக்கிட்டிருந்தேன்னு உன்னையே கிண்டல் பண்ணியிருப்பாரு. தமிழா விழுந்துச்சு. தமிழாவே பதில் சொன்னாரு.

அப்புறம் அந்த ரிப்போர்ட்டு. முப்பதுக்கு ஒம்பது. மறதி நோய், பேச்சு இல்லை. அவரு மகன் கபிரியேல் கோட்டயத்துலேர்ந்து தினம் போன்ல அப்பாகிட்டப் பேசுறவன். காலேஜ் முத்திரையைப் பாத்ததும் தன் காதை நம்பாமக் காகிதத்தை நம்பினான். பேசுறாரேடான்னேன். வர்றதும் போறதுமா இருக்குமாம் அத்தைன்னான். அடுப்பை அணைக்க மறந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்து, அவன் வேலை பாக்கிற ஊருப் பக்கமே ஒரு முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டான். அங்க கட்டில் தலைமாட்டுல உன் ரிப்போர்ட்டை ஒட்டிட்டாங்க. பேச்சில்லாதவருகிட்ட யாரு பேசுவா? தண்ணிக்கு ஒரு படம், கக்கூசுக்கு ஒரு படம்னு அட்டையைக் கையில குடுத்துட்டாங்க. முதல் மாசம் கத்தினாரு. கத்துறதும் அந்த நோயிலதானாம், அதுக்கு ஒரு மாத்திரை. ரெண்டாவது மாசம் நான் போனேன். என்னைப் பாத்தாரு. பாத்துட்டு, தண்ணிப் படத்தைத் தொட்டுக் காட்டினாரு.

அழாத. நீ அழுதா நான் நிறுத்திடுவேன்னு நெனைக்காத.

நாலாவது. நீ முதல்ல எழுதிக்கொண்டு வந்த தமிழ்ல அந்தக் கேள்வி எப்படி இருந்துச்சு, சொல்லு. ஆமா. சம்சாரம் உண்டோ. அப்படியே வாசிச்சிருந்தா, அந்த ஓவுலயே மலையாளம்னு அண்ணனுக்குப் பிடிபட்டிருக்கும். அந்த ஓவைச் செவப்பு மையில அடிச்சு, மேல ஆ போட்டது யாரு? நான். இருபத்தேழு ஒற்றுப் பிழையையும் எடுத்துட்டு, இது மட்டும் மலையாள வாடை அடிக்குதேன்னு அதையும் திருத்தினேன். ரெண்டு பாஷையும் தெரிஞ்சவளுக்குச் சம்சாரம் கண்ணுல படல. வினா எழுத்துதான் பட்டுச்சு. கீழ, பிழை இல்லைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பிறகு நடந்தது எல்லாத்தையும் குறிச்சுக்க. வேற டாக்டர் பாத்தாச்சு. கேள்வியை எழுதிக் குடுத்தா, பதில் எழுதி முப்பதுக்கு இருபத்தாறு வாங்கிட்டாரு. நாக்குலயும் தொண்டையிலயும் ஒரு குறையும் இல்ல. உங்க காலேஜ் ரிப்போர்ட்டைத் திருத்திக் குடுத்துடுச்சு. கபிரியேல் ஈஸ்டருக்கு அவரை வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டான். தானே சமைக்கிறாரு. சாயங்காலமானா கடை வாசல்ல போய் உக்காருறாரு. பேசுறதில்ல. உண்டோவை உண்டாவா ஆக்கினது தங்கச்சிதான்னு அவருக்கு இன்னும் தெரியாது.