ஈரச் சுண்ணாம்பு

பதினொரு மணி நேரம். கோபுரத்திலிருந்த அளவுப் பெட்டியில் எதுவுமே பதிவாகாத நேரம் அது. கதையை இப்படித்தான் தொடங்கினேன்.

பீலெஃபெல்ட் போகும் கடைசி ரயில் ரத்தாகியிருந்தது. ஜேர்மனியின் ஹம் நிலையத்துக் காத்திருப்பு அறையில் நிருஜன், கவிசா, வேணுஜா, நான் என்று நால்வர். ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஒரே போர்வைக்குள் எட்டுக் கால்கள்.

"பேய்க் கதை ஒண்டு சொல்லுங்கோ," என்றான் நிருஜன். "குளிர் மறக்கும்."

நான் அதிகம் பேசாதவள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேணுஜாவின் பெரியம்மா மகன் சேயோனுக்கு நடந்தது. பக்கத்தில் இருந்த வேணுஜாவைப் பார்த்தேன்.

"சொல்லு," என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.

நவம்பர். இரவு எட்டு மணி. தேவாலயத்துக்குப் போகும் பாதையில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெறும் வயல்... சேயோன் தனியே நடந்தான்.

கட்டடப் பொறியியல், கடைசி வருடம். தேவாலயக் கோபுரச் சுவரின் வெடிப்பு விரிகிறதா என்று பார்க்க அளவுப் பெட்டி வைத்தவன் அவன்தான். அளவு எல்லை தாண்டினால் அலுவலகத்தில் மணி அடிக்கும். பிறகு யாரும் ஏறக் கூடாது. திருத்த வேலை முடிந்து மறுநாள் திறப்பு விழா. மேடையில் அவன் பெயரும் சொல்லப்பட இருந்தது.

ஆயிரம் வருடத்துக்கு முன் அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர் லூட்மார் என்ற ஆயர். அயல் ஊர் ஆயரிடம் இரண்டு கோபுரம். இவருக்கு மூன்று வேண்டும்.

"எங்கட கலியாண வீட்டுக்காரர் மாதிரி," என்றான் நிருஜன். கவிசா அவன் காலை மிதித்தாள்.

சதுப்பு நிலம். மூன்றாவது கோபுரம் வெடித்தது. கொத்தர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெடிப்புக்குக் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். காலையில் அது பிளந்திருந்தால் சுவர் நகர்கிறது. யாரும் ஏற மாட்டார்கள். ஓர் இரவு ஆயர் விளக்கோடு தனியே போனார். பிளந்ததைச் சுரண்டிவிட்டுத் தன் கையால் புதிதாகப் பூசினார். காலையில் பூச்சு முழுதாக இருந்தது. கொத்தர்கள் ஏறினார்கள்...

யாரும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆயர் தன் கைகளை அங்கிக்கு வெளியே எடுக்கவில்லையாம்.

சேயோன் பெட்டியின் பற்றரி மாற்றத்தான் போனான். சுழல் படி. பாதியிலேயே மணத்தது. ஈரச் சுண்ணாம்பு. பூச்சு வேலை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பிறகு சத்தம். சர்ர்... சர்ர்... சுவரை ஒரு கை தடவும் சத்தம்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவரின் முதுகு. முழங்கை வரை வெள்ளை. சேயோனின் காலடி கேட்டதும் கை நின்றது. அவர் திரும்பவில்லை. ஓர் அடி தள்ளி நின்றார்... குழாயடியில் கை கழுவுகிறவர் அடுத்தவருக்கு இடம் விடுவதுபோல. பூசும் கரண்டியைப் பின்னால் நீட்டினார்.

சேயோன் பற்றரி மாற்றாமலே ஓடிவந்துவிட்டான்.

காலை ஏழு மணி. மேலே மின்குமிழ் பூட்ட வந்த விமலநாதன் அண்ணை கீழே நின்று கேட்டார்.

"தம்பி, ஏறலாமோ?"

"ஓம் அண்ணை, ஏறுங்கோ."

விழுந்தது ஒரே ஒரு கல்தான். அண்ணைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியில் சேயோனைக் கண்டதும் அவர் சொன்னாராம், "பற்றரி செத்ததுக்கு நீ என்ன மோனை செய்வாய்? சாப்பிட்டியோ?"

சேயோன் அதோடு படிப்பை விட்டான். இப்போது வீட்டில்கூடக் கைகளைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறான்.

கதை அவ்வளவுதான் என்றேன்.

நிருஜன் சிரிக்கவில்லை. கவிசா போர்வையை இழுத்துக்கொண்டாள். "பேய் எண்டால் வெருட்டும், துரத்தும். அந்தாள் ஏன் அவனுக்கு இடம் விட்டவர்?"

வெளியே வெறுந்தண்டவாளம்... எங்கிருந்தோ ஈரச் சீமெந்து மணம் போல ஒன்று.

வேணுஜா போர்வையிலிருந்து கால்களை எடுத்தாள். எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை.

"பற்றரி சாகேல்லை," என்றாள். "அளவு எல்லையைத் தாண்டப் போகுது எண்டு அவனுக்குத் தெரிஞ்சிட்டுது. மணி அடிக்க முன்னம் அவன்தான் போய்ப் பற்றரியைக் கழட்டினவன்."