மராஷ்காரர்களுக்கு மட்டும்

— அப்ப ரெண்டு நாளைக்குக் கடையை யாரு பாத்துக்கறது, மக்ரூஹி?

— ஷாகேயைக் கூப்பிட்டுக் கல்லாவுல உட்கார வை. நீ வேலை செய்யற மாதிரியும் இருக்கும், அவளைப் பாத்துக்கிட்டு இருக்கற மாதிரியும் இருக்கும்.

— கடை கிடக்கட்டும், இந்தப் பை எதுக்கு? எங்க கிளம்பற?

— அக்கா வீட்டுக்குன்னே வச்சுக்க, ஒன்னிக்.

— ஒரு பொண்ணு ரத்தப் புற்றுநோய்ல கிடக்கு. அதுக்காக எலும்பு மஜ்ஜை கேட்டு நம்ம ஆர்மீனியப் பேட்டை பூர்ஜ் ஹமூத் பூரா வாசல் வாசலா ஏறி இறங்கறேன். என் வீட்டு வாசல்ல நீ மூட்டை கட்டற.

— நீ ஏறி இறங்கினதைத் தெருவே பாத்துச்சு. பஸ்தர்மா இறைச்சிக்கு மசாலா பூசிப் பூசி வெந்தயமும் பூண்டுமா மணக்கற மனுஷன். பதிவு முகாம் நடந்த அன்னைக்கு மட்டும் சென்ட் அடிச்சுக்கிட்டுப் போனியே, அது எந்த மஜ்ஜைக்கு?

— சர்ச் மண்டபத்துல அவ்வளவு கூட்டம். நாலு பேர் மூக்கைப் பொத்தக்கூடாதுன்னுதான்.

— நம்ம கல்யாணத்தன்னைக்கு மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பக்கத்துல நின்னேன். அன்னைக்கு உனக்கு இந்த யோசனை வரலை.

— ஷாகே பொண்ணு தலாருக்கு நான் ஞானத்தகப்பன், மக்ரூஹி. அப்பன் இல்லாத பொண்ணு. எங்க தாத்தா ஷாகேயோட அப்பாவை ஞானஸ்நானத் தொட்டியில பிடிச்சார். அதுல இருந்து அந்த வீட்டுக்கு ஒண்ணுன்னா எங்க வீடுதான் முன்னால நிக்கணும். அது கடமை.

— அந்தத் தொட்டித் தண்ணிதான் என்னை இங்க கொண்டு வந்து ஒதுக்குச்சு. ஞானத்தகப்பன் வீடும் ஞானப்பிள்ளை வீடும் ஏழு தலைமுறைக்குச் சம்பந்தம் பண்ணக்கூடாதுன்னு குருவானவர் கையை விரிச்சாரு. இல்லேன்னா இன்னைக்கு இந்த வீட்டுச் சாவி ஷாகே இடுப்புல இருக்கும். நான் யாரு? கேட்ட சரக்கு இல்லேன்னதும் கடைக்காரன் எடுத்துக் காட்டற அடுத்த சரக்கு.

— வாங்கி இருபது வருஷம் ஆச்சு. எப்பவாவது திருப்பிக் குடுக்கப் போனேனா?

— போகலை. ஆனா ரசீதை மட்டும் கிழிச்சுப் போடாம வச்சிருக்க.

— இன்னைக்கு அந்த வீட்டு நிலைமை தெரிஞ்சா நீ இப்படிப் பேச மாட்ட.

— எனக்கா தெரியாது? தலாருக்கு நேத்து வெள்ளை அணு எத்தனை, இன்னைக்கு எத்தனைன்னு தினம் சாப்பாட்டுக்குத் தொட்டுக்க அதைத்தானே வைக்கற.

— பொருந்தற ஆள் கிடைச்சாச்சாம். மஜ்ஜைப் பதிவு அலுவலகத்துல இருந்து சொல்லிட்டாங்க.

— அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?

— அந்த ஆள் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காம். ஞாயித்துக்கிழமையில இருந்து யோசிக்கிறானாம். ஷாகே சாப்பாட்டைத் தொடலை.

— அவ தொடலை, அதனால நீயும் தொடலை. மத்தியானம் உன் தட்டு அப்படியே கிடந்துச்சு. நான் காய்ச்சல்ல கிடந்த அன்னைக்கு என் பங்கையும் சேத்துச் சாப்பிட்ட.

— வீணாப் போகக்கூடாதுன்னு சாப்பிட்டேன். அதை விடு. பதினாறு வயசுப் பொண்ணு. இதுல யோசிக்க என்ன இருக்கு? எவனா இருந்தாலும் அவன் கல்நெஞ்சக்காரன்.

— ஏன் யோசிக்கக்கூடாது? மயக்க மருந்து குடுத்து இடுப்பெலும்புல ஊசியை இறக்கப் போறாங்க. பழைய சட்டையா கேக்கறீங்க?

— எங்க பூர்வீக ஊர்க்காரன், ஒரு மராஷ்காரன் இப்படி இழுத்தடிப்பான்னு நான் நினைக்கலை.

— மராஷ்காரன்னு உனக்கு யார் சொன்னது?

— வேற யாரு வந்தாங்க? சுவரொட்டியிலயே போட்டோமே, மராஷ்காரர்களுக்கு மட்டும்னு. ஒரே மூதாதைங்களா இருந்தாத்தான் பொருந்த வாய்ப்புன்னு டாக்டரே சொன்னாரு.

— டாக்டர் சொன்னது ஆர்மீனியர்கள்னு. பக்கத்துல நானும்தான் நின்னேன். நீங்க அதைக் கொண்டு வந்து உங்க ஊர்ச் சங்கத்துத் தராசுல போட்டு, கொழுப்பைச் செதுக்கற மாதிரி செதுக்கி, மராஷ்னு ஆக்கிட்டீங்க. உங்கள்ல எவனாவது அந்த ஊரைக் கண்ணால பாத்திருக்கானா? வெட்டுக்குத் தப்பி, உங்க தாத்தனுங்களை இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடி வந்த ஊரு. அங்க ஒரு சாண் இடம் இல்லை உங்களுக்கு. இங்க வந்து அதுக்கு எல்லைக்கல் நடறீங்க. அடானா ஊர் ஆர்மீனியர்கள் வந்தப்ப வாசல்லயே திருப்பி அனுப்பலை?

— எச்சில் எடுக்கற பஞ்சுக் குச்சி கம்மியா இருந்துச்சு.

— வீம்பு கம்மியா இல்லை.

— நீ உர்ஃபா ஊர்க்காரி. உனக்கு இது...

— சொல்லு. ஏன் நிறுத்திட்ட? உங்க அம்மா சொன்னதுதானே. உர்ஃபாக்காரி ரத்தம் நம்ம ரத்தத்தோட ஒட்டாதுன்னு என் காது கேக்கச் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினாங்க.

— சரி, தப்பாப் பேசிட்டேன். ஹோகிஸ், என் உயிரே, இங்க பாரு...

— அந்தக் குரல் வேணாம். சாயங்காலம் மீந்த சரக்கைத் தள்ளிவிடறப்ப வர்ற குரல் அது.

— உனக்கு என்னதான் கோபம்? நேராச் சொல்லு.

— மண்டபத்துல அவ தோள்ல கை வச்ச.

— எப்ப?

— அவ அழுதப்ப. வலது தோள். வச்சு எடுத்திருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன். ஒரு காப்பி ஆறிப் போற நேரம் வச்சிருந்த.

— எவ வந்து வத்தி வச்சா?

— யாரும் வைக்கலை. நானே பாத்தேன்.

— நீ அன்னைக்குக் கடையிலல்ல இருந்த?

— பூட்டிட்டு வந்தேன். துக்கத்துக்குப் போடற கறுப்பு முக்காடு இருக்கே, அதை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு. சும்மா நின்னு பாக்கறவங்களை உன் சங்கத்து ஆள் வெளிய தள்ளிட்டு இருந்தான். அதனால வரிசையில போய் நின்னேன். வரிசை நகந்துச்சு, நானும் உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே நகந்தேன். திடீர்னு எனக்கு முன்னால யாரும் இல்லை. ஒரு பொண்ணு, வாயைத் திறங்கம்மான்னா. திறந்தேன். கன்னத்துக்குள்ள குச்சியை விட்டுத் தேச்சா. அப்பவும் என் கண்ணு உன் கை மேலதான் இருந்துச்சு.

— எந்த ஊருன்னு கேக்கலை?

— பேரைத்தான் கேட்டா. உன் குடும்பப் பேரைச் சொன்னேன். கல்யாணம் ஆகி முதல் தடவையா அந்தப் பேர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டுச்சு.

— பொறாமைக்கும் ஒரு அளவு உண்டு, மக்ரூஹி. அங்க ஒரு பொண்ணு உயிருக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நீ என் கையை முழம் போட்டுக்கிட்டு நின்னிருக்க.

— நின்னேன். நீ என் கையைப் பாத்தியா? போன வாரம் முழங்கையில பஞ்சு ஒட்டிக்கிட்டு வந்தேனே, என்னன்னு கேட்டியா?

— பல் டாக்டர்கிட்ட போனேன்னு சொன்ன.

— பல் டாக்டர் முழங்கையிலயா பல்லைத் தேடுவான்?

— இரு. என்ன சொல்ற நீ?

— நான் எதுவும் சொல்லலை.

— மக்ரூஹி, அந்த யோசிக்கிற ஆளு...

— கல்நெஞ்சக்காரன். நீதான் சொன்ன.

— யாருக்குப் போகுதுன்னு அவங்க சொல்ல மாட்டாங்களே. உனக்கு எப்படி...

— ஒரு பதினாறு வயசுப் பொண்ணுன்னாங்க. எனக்கு அது போதாதா? அந்தப் பொண்ணு பொழைச்சா நீ சந்தோஷமா அங்க ஓடுவ. ஏதாவது ஆச்சுன்னா துக்கமா அங்க ஓடுவ. எப்படிப் பாத்தாலும் எனக்கு நஷ்டம். எந்த நஷ்டத்தோட நான் தூங்க முடியும்னுதான் யோசிச்சேன். காலையில சரின்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலயே வச்சுச் சோதிக்கணுமாம், அதுக்குத்தான் பை.

— நான் இப்பவே ஷாகேகிட்ட போய்...

— போய் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அது அவங்க சட்டம். என் சட்டமும் அதுதான். தெரிஞ்சா அவ நன்றி சொல்ல வந்துடுவா. கையைப் பிடிச்சு அழறவளை நான் எப்படி வெறுக்கறது? இத்தனை வருஷம் கட்டிக் காத்த வெறுப்பு.

— சொல்ல மாட்டேன். தாத்தா மேல சத்தியம். வேற என்ன வேணும், கேளு. இனிமே அந்த வீட்டுப் படி மிதிக்காதன்னா மிதிக்க மாட்டேன்.

— இவ்வளவு சீக்கிரம் விலையை இறக்காத, கேக்கறவளுக்குச் சந்தேகம் வரும். பையைத் தூக்கு. கரண்ட் போறதுக்குள்ள லிஃப்ட்ல இறங்கணும்.

— கேக்கறேன்ல. போகணுமா, வேணாமா?

— போ. தினமும் போ. சென்ட் அடிச்சுக்கிட்டே போ. டாக்டர்கிட்ட நல்லா விசாரிச்சுட்டேன்: என் மஜ்ஜை ஏறி நின்னுடுச்சுன்னா, அப்புறம் அந்தப் பொண்ணு உடம்புல ஊறற ரத்தம் பூரா என்னோடதுதானாம், இனிமே அந்த வீட்டுக்குள்ளயும் நான்தான் இருப்பேன்.