பதினஞ்சு அடி

எனக்கு மீன் வாடை ஆகாதுங்க ஐயா. காரைக்கால்மேட்டுப் பக்கம் தலைவச்சே படுக்காத ஆளு நான். போனது பருந்துக்காகத்தான்.

கடைத்தெருவுல போட்டோ எடுக்கிற அம்பலவாணன்னா ஊருக்கே தெரியும். செத்தவங்களை நாற்காலியில உக்கார வச்சு, நாடி கட்டி, சொந்தக்காரங்களைச் சுத்தி நிறுத்திப் படம் பிடிக்கணும்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. நல்ல காரியத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. பிரெஞ்சுக் கொடி இறங்கின அடுத்த தையில என் மகளுக்குக் கல்யாணம். "தப்பா நெனைக்காதீங்க, சாவுக்கு எடுத்த கேமரா பந்தலுக்குள்ள வேணாம்"னு சொல்லி, சம்பந்தி நாகப்பட்டினத்துலேருந்து வேற ஆளைக் கொண்டாந்தார். பெத்தவன் நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

உசுருள்ள ஒண்ணை, பறக்கப் பறக்க எடுத்துக் காட்டிட்டா இந்தப் பேரு போயிடும்னு நெனச்சேன். காரைக்கால்மேட்டுல மீன்பிடிக்கிற காத்தமுத்து, முதல் மீனைக் கருடனுக்குக் குடுத்துட்டுத்தான் மிச்சத்தை ஏலத்துக்குக் கொண்டுபோவான். அவன் கையைத் தூக்கினா செம்பருந்து இறங்கி வந்து மீனைக் கவ்விக்கிட்டுப் போகும். இருபது நாள் அவன் படகுலயே போனேன். ஒரு படமும் தேறல. எல்லாம் கலங்கல். "விடுங்கண்ணே, கருடன் கொடுத்து வச்சவங்களுக்குத்தான் நிக்கும்"னு சிரிப்பான்.

கடைசி நாள் காலையில ஃபிலிம்ல ஒண்ணுதான் மிச்சம். அரசலாத்து முகத்துவாரத்துல ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டுச்சு. காத்தமுத்து வலையோட சேர்ந்து விழுந்தான். நீந்தத் தெரிஞ்சவன்தான், காலை வலை சுத்திக்கிச்சு. "அண்ணே, கயிறு"ன்னான். அப்புறம் கைதான் தெரிஞ்சுது.

தூக்கின கையைப் பருந்து பார்த்துடுச்சு. அதுக்கு என்ன தெரியும் பாவம். இறங்குச்சு. நான் எடுத்தேன்.

கயிறு எட்டலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், படகுல வேற ஆள் இல்ல, நம்பினாங்க. ஒடம்பு கிடைக்கல. அவன் பொண்டாட்டி காசியம்மா கடைக்கு வந்து, "உக்கார வச்சு எடுக்கக்கூட ஒடம்பில்லீங்களே, அவரு படம் ஏதாச்சும் இருக்குமா"ன்னு கேட்டுச்சு. இருபது நாளும் நான் பருந்தைத்தான் பார்த்தேன். அவன் முகம் ஒண்ணுலயும் இல்ல. அந்தப் படத்தைக் குடுத்தேன். "கருடனே வந்து கையப் புடிச்சிருக்கு"ன்னு என் கால்ல விழுந்துச்சு.

இப்ப அந்தக் கைக்குத் தினம் பொட்டு வைக்குது. ஞாயித்துக்கிழமை தவறாம எனக்கு மீன் கொண்டாந்து குடுக்குது. தாங்க முடியலீங்க ஐயா, அதான் ஸ்டேஷனுக்கே வந்துட்டேன். யாராவது என்னைப் பிடிச்சு உள்ள வச்சாத் தேவல.

அவன் விழுந்த இடம் எவ்வளவு தூரம்னு கேட்டீங்க. காத்தமுத்து படகு முனையில நிக்கிறப்ப படம் தெளிவா விழ கேமரா லென்ஸைப் பத்தடி தூரத்துக்குத் திருகி வச்சிருந்தேன். விழுந்து விலகினதும் திருகிப் பதினஞ்சுக்கு வச்சேன். அதான் படம் அவ்வளவு தெளிவா இருக்கு, ரேகைகூடத் தெரியும். கயிறு என் காலடியிலதான் கிடந்துச்சு. முப்பதடிக் கயிறு.